எலும்பை எறியாதீர்கள்!

கரடி போலப் பருத்த உடம்பு. நாய் போல நீண்ட மூஞ்சி. உள்ளங்கால் முழுவதையும் தரையில் ஊன்றி நடக்கும் நடை. வாயில் 44 பற்கள்!

இப்படி ஒரு மிருகம் இமயமலை அடிவாரத்தில் திரிந்தது. கட்டுக்கதை அல்ல. உண்மை!

ஆராய்ச்சிக்காரர்கள் இதற்கு "ஆம்பிசியான்" என்று பெயர் வைத்தார்கள். எளிய பேச்சில் "கரடி நாய்" என்பார்கள். இன்று உலகத்தில் ஒரு கரடி நாய் கூட உயிரோடு இல்லை. கடைசிக் கரடி நாய் செத்து 50 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

மனிதன் அதைக் கண்ணால் கண்டதில்லை. அப்படியானால், அது இருந்தது நமக்கு எப்படித் தெரியும்?

எலும்பு சொல்லியது. பல் சொல்லியது. யாரோ ஒருவர் அதை "வெறும் கல்" என்று தூக்கி எறியாமல் எடுத்து வைத்தார். அதனால் தெரிந்தது.

நான் சொல்ல வருவது இதுதான்: தூத்துக்குடிக் கரையில் வலை இழுப்பவர்கள், சங்கு குளிப்பவர்கள், உப்பளத்தில் மண் வெட்டுபவர்கள், கிணறு தோண்டுபவர்கள் ஆகியோர் கையில் பழைய எலும்பு கிடைத்தால், அதை எறியக்கூடாது. அதை வாங்கி, பார்த்து, எழுதி வைக்க ஊரில் ஓர் இடமும் வேண்டும்.

"எலும்பில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதலில் அதைச் சொல்கிறேன்.

ஒரு பல் போதும்!

உங்கள் தெருவில் ஒரு நாய் நிற்கிறதா? அதன் பின்காலைப் பாருங்கள். நடுவில் பின்பக்கமாக ஒரு மூட்டு துருத்தி நிற்கும். அதை முழங்கால் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழங்கால் அல்ல. குதிகால்! நாய் குதிகாலைத் தரையில் வைப்பதில்லை. விரல்களில் நிற்கிறது. விரல்களில் ஓடுகிறது. சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் முயலை விரட்டிப் பிடிக்கும் வேகம் இப்படி வந்ததுதான்.

பெரிய கரடி நாய்கள் அப்படி அல்ல. கரடியைப் போல, நம்மைப் போல, உள்ளங்காலைத் தரையில் பதித்து நடந்தன.

பல்லிலும் வித்தியாசம் உண்டு. நாய்க்கு 42 பற்கள். மேல்தாடையில் ஒரு பக்கத்துக்கு இரண்டே கடைவாய்ப் பற்கள். ஆம்பிசியானுக்கு மூன்று. இதைப் போன்ற அடையாளங்களை வைத்துத்தான், "இது கரடியும் அல்ல, நாயும் அல்ல, தனிக் குடும்பம்" என்று அறிஞர்கள் கண்டார்கள்.

1836-ம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் லார்த்தே என்பவர் ஆம்பிசியானுக்குப் பெயர் வைத்தார். 40 ஆண்டுகள் கழித்து, 1876-ல், அன்றைய பஞ்சாப் மாகாணத்தில் கிடைத்த எலும்புகளில் அதே இனத்தைக் கண்டுபிடித்தார் லைடெக்கர். இவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். அந்த எலும்புகள் கிடைத்த பகுதி இன்று பாகிஸ்தானில் இருக்கிறது.

ஒரு முழு உடம்பு கிடைத்ததா? இல்லை. பற்களும் தாடைத் துண்டுகளும்தான் பெரும்பாலும் கிடைத்தன. ஆனாலும் அது என்ன பிராணி, எதைத் தின்றது, எந்தக் காலத்தில் இருந்தது என்று சொல்ல முடிந்தது. ஒரு பல்லுக்கு அவ்வளவு மதிப்பு!

வைத்திருந்த எலும்பு பேசும்

கிடைத்த அன்றே எலும்பு பேசிவிடாது. சில சமயம் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் ஒரு சிறு பிராணியின் எலும்பு கிடைத்தது. 1986-ல் அதை வேறு ஓர் இனம் என்று எழுதி, பத்திரமாக வைத்தார்கள். 30 ஆண்டுகள் சென்றன. 2016-ல் இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் அதை மறுபடியும் ஆராய்ந்தார்கள். அது கரடி நாய்க் குடும்பத்தின் மிகப் பழைய உறுப்பினர் என்று தெரிந்தது! அந்தப் பிராணி சுமார் 3 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. மடியில் வைத்துக் கொஞ்சும் குட்டி நாய் அளவுதான் இருந்தது. அந்தக் குடும்பத்தில் பிற்காலத்தில் வந்த பெரிய வகைகள் 200 கிலோவுக்கு மேல் எடை இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

அந்த எலும்பை 1986-ல் குப்பையில் போட்டிருந்தால்? இந்த வரலாறே கிடைத்திருக்காது.

நாயின் சொந்த ஊர் எது?

கரடி நாய், நம் வீட்டு நாயின் பாட்டன் அல்ல. பங்காளியும் அல்ல. தூரத்து உறவு.

நாய்க் குடும்பம் அமெரிக்காவில் பிறந்தது. நரி அளவே இருந்த "ஹெஸ்பெரோசியான்" என்ற பிராணி அதன் பழைய முன்னோர்களில் ஒன்று. கோடிக்கணக்கான ஆண்டுகள் அந்தக் குடும்பம் அமெரிக்காவை விட்டு வெளியே வரவில்லை. பிறகு, சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன், வடக்கே ஆசியாவும் அமெரிக்காவும் நிலத்தால் ஒட்டியிருந்த வழியாக ஆசியாவுக்குள் வந்தது. ஓநாய், நரி, செந்நாய் எல்லாம் அந்த வழியில் வந்த குடும்பத்தின் பிள்ளைகள். ஓநாயைப் பழக்கித்தான் மனிதன் நாயை உண்டாக்கினான். அந்தச் சிநேகத்துக்குக் குறைந்தது 14 ஆயிரம் ஆண்டு வயது.

ஆசியாவுக்கு வந்த பழைய நாய் இனங்களின் எலும்பும் நம் இமயமலை அடிவாரத்தில், சிவாலிக் மலைகளில் கிடைத்தது. அதைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தவர் யார்? அங்கேதான் நாம் பெருமைப்பட வேண்டிய செய்தியும் வருத்தப்பட வேண்டிய செய்தியும் இருக்கின்றன.

லண்டனில் ஒரு வங்காளி இளைஞர்

14-ம் நூற்றாண்டில் டில்லி சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் கால்வாய் வெட்டினார். மண்ணுக்குள்ளிருந்து பெரிய பெரிய எலும்புகள் வந்தன. இதைப் பெரிஷ்டா என்ற வரலாற்று ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். "ராட்சதர்களின் எலும்பு" என்று ஜனங்கள் வியந்தார்கள். அத்தோடு சரி. எலும்புகள் போன இடம் தெரியவில்லை.

1830-க்குப் பிறகு இரண்டு வெள்ளைக்காரர்கள் அதே மலைப்பக்கம் போனார்கள். ஒருவர் பால்கனர். இவர் ஒரு தோட்டத்தின் மேலதிகாரி. மற்றவர் காட்லி. இவர் கால்வாய் என்ஜினீயர். எலும்பைப் பார்ப்பது இருவருக்கும் வேலை அல்ல. ஆனாலும் பார்த்தார்கள், சேர்த்தார்கள், எழுதினார்கள். வண்டி வண்டியாகச் சேர்ந்த எலும்புகள் லண்டன் மியூசியத்துக்குக் கப்பல் ஏறின.

1880-ல் அந்த மியூசியத்தில் பிரமத நாத் போஸ் என்ற வங்காளி இளைஞர் உட்கார்ந்து அந்த எலும்புகளைப் படித்தார். இதுவரை யாரும் விவரித்து எழுதாத பழைய நாய் இனம் ஒன்றை அவற்றில் கண்டார். காட்லியின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

இந்தியாவின் எலும்பு. அதைப் படித்தவர் இந்தியர். படித்த இடமோ லண்டன்! தன் நாட்டு மண்ணில் கிடைத்ததைப் பார்க்க அவர் கடல் தாண்டியிருக்க வேண்டியிருந்தது.

தூத்துக்குடிக்கு என்ன சம்பந்தம்?

"சிவாலிக் எங்கே? தூத்துக்குடி எங்கே? இங்கே கரடி நாய் எலும்பா கிடைக்கப்போகிறது?" என்று நீங்கள் கேட்கலாம்.

கரடி நாய் எலும்பைத் தேடி இங்கே யாரும் மண்வெட்டி எடுக்க வேண்டாம். எலும்பு கெடாமல் இருக்க வேண்டுமானால், ஆறு கொண்டுவரும் வண்டலில் அது சீக்கிரம் புதைய வேண்டும். இமயமலை உயர உயர, ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து அடிவாரத்தில் கொட்டின. எலும்புகள் புதைந்தன. எலும்பின் நுண்ணிய துளைகளில் மண்ணின் உப்புகள் இறங்கின. எலும்பு கல்லாக மாறியது. நம் பக்கம் இருப்பது பெரும்பாலும் அதை விட மிகப் பழைய கெட்டிப் பாறை. அதன் மேல் மிகப் புதிய மணல்.

ஆனால் அந்தப் புதிய மணலுக்கும் ஒரு கதை உண்டு.

கொற்கையை நினைத்துப் பாருங்கள். பாண்டியரின் துறைமுகம். முத்துக்குப் பேர்போன பட்டினம். இன்று அது கடற்கரையிலா இருக்கிறது? இல்லை. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. ஊர் உள்நாட்டுக் கிராமமாகிவிட்டது. ஆற்று வண்டல் எப்படிப் பழையதை மூடும் என்பதற்குக் கொற்கையே சாட்சி.

கடல் நிலமாகும். நிலம் கடலாகும். இரண்டாவது மாற்றம் இன்னும் பெரியது.

முத்துப் பாரில் நரி நடந்தது!

சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உலகம் மிகவும் குளிர்ந்திருந்தது. கடல் தண்ணீரில் ஒரு பகுதி வடக்கே பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. அதனால் கடல் மட்டம் இன்று இருப்பதை விட சுமார் 400 அடி தாழ்ந்திருந்தது.

நம் முத்துச் சிப்பிப் பார்களின் ஆழம் என்ன? பெரும்பாலும் 10 பாகம், அதாவது 60 அடி வாக்கில்தான். அப்படியானால், முத்துக் குளிப்பவர் மூச்சை அடக்கி இறங்கிய அந்த இடம், அன்று வெயில் காய்ந்த தரை! தாமிரபரணி இன்றைய கரையைத் தாண்டி இன்னும் வெகுதூரம் ஓடித்தான் கடலில் விழுந்திருக்க வேண்டும். இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலம்.

இதற்கு உயிருள்ள சாட்சி நரிதான். நம் பக்கம் உள்ள நரி இலங்கையிலும் இருக்கிறது. அது படகு ஏறியா போனது? நடந்து போனது! யானையும் சிறுத்தையும் அப்படித்தான் போயின. நிலத்தைக் கடல் மூடியபோது, வழி அடைந்துவிட்டது.

இலங்கையில் ரத்தினபுரி என்ற ஊரில் ரத்தினக் கல் தேடிக் குழி தோண்டுகிறார்கள். அந்தக் குழிகளில் நீர்யானை எலும்பும் காண்டாமிருக எலும்பும் கிடைத்தன. இன்று இலங்கைக் காட்டில் அந்த இரண்டும் இல்லை. கொழும்பு மியூசியத்தைச் சேர்ந்த தெரணியகல என்ற அறிஞர் அந்த எலும்புகளை வாங்கிப் படித்தார். 1939-ல் பல்லை வைத்து, இலங்கையில் சிங்கமும் இருந்தது என்று எழுதினார். குழி தோண்டியவர் கல் தேடினார். எலும்பையும் எறியாமல் கொடுத்தார். இலங்கையின் பழைய கதை வெளியே வந்தது.

அந்த மிருகங்கள் எந்த வழியாக இலங்கைக்குப் போயின? நம் வாசல் வழியாகத்தானே! அந்த வாசல் இன்று மன்னார் வளைகுடாவின் அடியில் கிடக்கிறது.

ஒரு துறைமுகம் செய்து காட்டியது

கடலடியில் கிடப்பது கைக்கு வருமா? வரும். வந்திருக்கிறது.

இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் நடுவே உள்ள வடகடலும் ஒரு காலத்தில் நிலமாக இருந்தது. அங்கே மீன் பிடிப்பவர்கள் வலையில் பழைய ரோம யானையின் எலும்புகள் அடிக்கடி சிக்கின. 1931-ல் ஓர் இழுவைப் படகின் வலையில், கொம்பில் செய்த ஈட்டி முனை ஒன்று வந்தது. பழைய மனிதன் செய்தது! கடலுக்கு அடியில் ஒரு நாடே இருந்தது என்பதை உலகத்துக்குச் சொன்னவர்கள் யார்? பெரிய பட்டம் வாங்கியவர்கள் மட்டும் அல்ல. மீனவர்களும்தான்.

ஹாலந்தில் ராட்டர்டாம் துறைமுகத்தை 2008 முதல் 2013 வரை விரிவுபடுத்தினார்கள். கடலடி மணலை அள்ளிக் கரையில் கொட்டினார்கள். அந்த மணலில் பழைய மிருகங்களின் எலும்புகள் வந்தன. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் போய்ப் பொறுக்கினார்கள். கிடைத்ததை அறிஞர்களிடம் காட்டினார்கள். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

தூத்துக்குடியும் துறைமுகம்தான். இங்கும் தூர் வாருகிறார்கள். இங்கும் இழுவை வலை போகிறது. இங்கும் சங்கு குளிக்கிறார்கள். இங்கும் ஏன் அப்படிச் செய்யக்கூடாது?

போனது போதும்!

நாம் இழந்தது கொஞ்சம் அல்ல.

லைடெக்கர் கரடி நாய்க்குப் பெயர் வைத்த அதே 1876-ம் ஆண்டில், ஜாகோர் என்ற ஜெர்மானியர் நம் ஆதிச்சநல்லூருக்கு வந்தார். தோண்டினார். கிடைத்த பொருள்கள் பெர்லினுக்குப் போயின. பிறகு 1899 முதல் 1905 வரை ரீ என்பவர் தோண்டினார். அந்தப் பொருள்கள் சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போயின. பொருள் கிடைத்த இடத்திலேயே மியூசியம் கட்ட 2023-ல்தான் அடிக்கல் நாட்டினார்கள். 1876-லிருந்து கணக்குப் போடுங்கள். 147 ஆண்டுகள்!

முத்தையே பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுகள் பேர் வாங்கித் தந்த முத்துக் குளிப்பு 1961-ல் நின்றது. பிறகு பெரிய அளவில் நடக்கவில்லை. "என்றைக்கும் இருக்கும்" என்று நினைத்தது இல்லாமல் போய்விட்டது. உயிரோடு இருந்த சிப்பிக்கே இந்தக் கதி என்றால், மண்ணில் கிடக்கும் எலும்பு நமக்காகக் காத்திருக்குமா?

"எலும்பு சோறு போடுமா?"

இப்படிக் கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது.

லண்டனில் நாய் எலும்பைப் படித்த பிரமத நாத் போஸ் என்ன ஆனார் தெரியுமா? இந்தியாவுக்குத் திரும்பி, நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். பிற்காலத்தில் மயூர்பஞ்ச் மலைகளில் இரும்புத் தாது இருப்பதைக் கண்டுபிடித்தார். 1904-ல் டாட்டாவுக்குக் கடிதம் எழுதினார். அதைத் தொடர்ந்து ஜாம்ஷெட்பூர் உருக்காலை எழுந்தது! எலும்பை உற்றுப் பார்க்கப் பழகிய கண், மலையையும் உற்றுப் பார்த்தது. எத்தனை ஆயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போட்டது!

தூத்துக்குடியிலும் ஓர் உதாரணம் உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் முத்துச் சிப்பியைப் பொறுமையாகப் படித்தார்கள். 1973-ல் இங்கே செயற்கை முறையில் முத்து வளர்த்துக் காட்டினார்கள். படிப்பு வீண் போகாது.

என்ன செய்யலாம்?

பெரிய கட்டடம் கேட்கவில்லை. சில சிறிய காரியங்கள் போதும்.

முதல் காரியம், அடையாளம் தெரிந்துகொள்வது. பழைய எலும்பு சாதாரண எலும்பை விடக் கனக்கும். பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். தட்டினால் கல் போல ஒலிக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் உடைக்காதீர்கள். சுரண்டாதீர்கள். காகிதத்தில் சுற்றி வையுங்கள். எந்த இடம், எத்தனை பாகம் அல்லது எத்தனை அடி ஆழம், என்ன தேதி என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். இடம் தெரியாத எலும்பு, முகவரி இல்லாத கடிதம் மாதிரி!

இரண்டாவது, காட்டுவது. பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியரிடம் காட்டுங்கள். தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் கல்லூரியில் நிலவியல் துறை இருக்கிறது. மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கேட்க ஆள் இல்லாத ஊர் அல்ல இது. மனித எலும்பு போலத் தெரிந்தால் மட்டும், கை வைக்காமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது, துறைமுகமும் மாநகராட்சியும் செய்ய வேண்டியது. தூர் வாரிய மண்ணைக் கொட்டும் இடத்தில், படித்த இளைஞர் இரண்டு பேர் நின்று பார்க்கட்டும். மீன்பிடித் துறைமுகத்தில் ஓர் அறை, ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். கொண்டுவந்து கொடுத்தவர் பெயரை எலும்பின் பக்கத்தில் எழுதி வையுங்கள். இன்ன படகுக்காரர் கொடுத்தது என்று பெயர் இருந்தால், அவர் பேரப்பிள்ளை வந்து பார்ப்பான். அடுத்த எலும்பை எறிய யாருக்கும் மனம் வராது.

ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். எலும்பு தேடிக் கடலையும் தேரியையும் கிளற வேண்டாம். பாதுகாக்கப்பட்ட தீவுகளுக்குள் நுழைய வேண்டாம். சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரி மணலில் பழைய மனிதன் செய்த சிறு கல் கருவிகள் கிடைத்து, 1956-லேயே அறிஞர்கள் அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கண்டபடி கிளறினால் அந்தத் தடயங்கள் கலைந்துவிடும். வேலை செய்யும்போது தானாகக் கைக்கு வருவதை எறியாமல் இருந்தால் போதும்.

சென்னை எழும்பூர் மியூசியத்தை ஒரு காலத்தில் ஜனங்கள் "செத்த காலேஜ்" என்றார்கள். செத்தவை இருக்கும் இடமாம்! கேலியாகச் சொன்னாலும், "காலேஜ்" என்று சொன்னார்கள் பாருங்கள். அதுதான் சரியான பேச்சு. செத்ததும் பாடம் சொல்லும்.

முத்துக் குளித்த காலத்தில் ஆயிரம் சிப்பியைத் திறந்தார்கள். ஒன்றிரண்டில்தான் நல்ல முத்து இருந்தது. அதற்காக மற்றச் சிப்பிகளைத் திறக்காமல் விட்டார்களா? வலையில் வரும் நூறு எலும்பில் தொண்ணூற்றொன்பது மாட்டெலும்பாக இருக்கலாம். இருக்கட்டும். நூறாவது எலும்பை நாளைக்கு வலை இழுக்கும் உங்களில் ஒருவர்தான் கையில் எடுக்கப்போகிறார். அதைத் திரும்பக் கடலில் போட்டுவிடாதீர்கள்!